மேடை சின்னது: சிந்தனை எப்படி இயங்குகிறது?

எந்த வீட்டுச் சமையலறையிலும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் சாமான் இருக்கும். அலமாரியில் பருப்பு வகைகள், தூக்குகளில் மாவு, பரணில் வற்றல் வடகம், பிரிட்ஜில் காய்கறி. ஆனால் சமையல் நடப்பதென்னவோ அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு முழ மேடையில்தான். அலமாரியில் எவ்வளவு இருந்தாலும் மேடைக்கு வந்த சாமான்தான் குழம்பில் சேரும். மேடை நிரம்பிவிட்டால் அடுத்ததை வைப்பதற்கு ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை நகர்த்தியாக வேண்டும்.

நாம் யோசிப்பதும் இப்படித்தான் நடக்கிறது. படித்தது, பார்த்தது, பட்டுத் தெரிந்துகொண்டது என்று நினைவில் சேர்ந்து கிடப்பது ஏராளம். அது சாமான் அலமாரி. ஒரு சிக்கலை யோசிக்கிற நேரத்தில் மனத்தின் முன்னால் ஒருசேர வைத்துப் புரட்டிப் பார்க்க முடிவது மிகக் கொஞ்சம். அது மேடை. உளவியலார் இதைச் செயல் நினைவு என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மனிதர் ஒரே மூச்சில் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய உருப்படிகள் ஏழு, அதில் இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். நெல்சன் கோவன் 2001-ல் அந்தக் கணக்கை மறுபடி ஆராய்ந்து, உண்மையில் அது நான்கை ஒட்டித்தான் இருக்கும் என்று வாதிட்டார். ஏழோ நான்கோ, மேடை சின்னது என்பதில் சந்தேகம் இல்லை.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். 47-ஐ 36-ஆல் மனத்துக்குள்ளேயே பெருக்கிப் பாருங்கள். 47-ஐ முப்பதால் பெருக்கினால் 1410. அதை ஒரு ஓரமாகப் பிடித்து வைத்துக்கொண்டு 47-ஐ ஆறால் பெருக்க வேண்டும்: ஏழாறு நாற்பத்திரண்டு, நாலாறு இருபத்து நாலு, மிச்சம் நாலைக் கூட்டினால் 282. இப்போது முதலில் வந்த எண் என்ன? பலருக்கும் இந்த இடத்தில்தான் 1410 நழுவிப் போயிருக்கும். கையில் ஒரு காகிதம் இருந்தால் நாலாம் வகுப்புப் பிள்ளைகூட 1692 என்று விடை சொல்லிவிடும். பெருக்கத் தெரியாமல் நாம் தடுமாறவில்லை. வைக்க இடம் இல்லாமல் தடுமாறினோம்.

வேலையிலும் வாழ்க்கையிலும் நாம் எடுக்கிற மோசமான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். முடிவு பிசகியதும் “எனக்கு அவ்வளவு புத்தி போதாது” என்று நொந்துகொள்கிறவர்கள் பலரைப் பார்க்கிறேன். புத்தி இருந்தது. மேடையில் கடன் தவணையும் மேலாளரின் முகமும் பிள்ளையின் பரீட்சையும் மாமியாரின் மருந்துச் சீட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அந்த நெரிசலில் யாராலும் ஒழுங்காகச் சமைக்க முடியாது.

மேடையைப் பெரிதாக்க முடியுமா என்றால், அதற்கு நம்பத்தகுந்த வழி ஏதும் இல்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் பெரும்பாலும் அந்த விளையாட்டைத்தான் நன்றாக ஆடக் கற்றுத் தருகின்றன. செய்ய முடிவதெல்லாம் மேடையில் கிடப்பதை இறக்கி வைப்பது. அதற்குக் காகிதத்தைவிடச் சிறந்த இடம் இன்னும் வரவில்லை.

1772-ல் இங்கிலாந்தின் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்குப் புதிய வேலை ஒன்று வந்தது. ஏற்பதா வேண்டாமா என்று தெரியாமல் நண்பர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். ஃபிராங்க்ளின் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எப்படி எடுப்பது என்று எழுதினார். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரி. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுதிக்கொண்டே வா. பிறகு எடைபோட்டு, சமமாக இருப்பவற்றை இரு பக்கத்திலும் அடித்துக்கொண்டே போ என்பது அவர் சொன்ன வழி. இந்த இரண்டு பத்தி அட்டவணை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் சொன்ன காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு விஷயத்தின் எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் மனத்தில் நிற்பதில்லை. ஒரு சமயம் சில வந்து நிற்கின்றன, வேறொரு சமயம் வேறு சில வருகின்றன, அப்போது முன்னவை கண்ணில் படுவதில்லை என்கிறார். செயல் நினைவு என்ற பெயர் வருவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மேடையின் அளவு அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று நான்கு நாளும் அதற்காகத்தான். ஒரே அமர்வில் அந்த அட்டவணையை நிரப்புகிறவர் அன்றைய மனநிலையின் காரணங்களை மட்டுமே எழுதுகிறார்.

மேடை காலியானதும் அடுத்த வேலை, இன்று என்ன சமைக்கிறோம் என்று தீர்மானிப்பது. கேட்கவே தேவையில்லாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதைத் தீர்மானிக்காமலே வெங்காயம் நறுக்க ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம்.

தமிழ்நாட்டில் ஒரு வீடு. தை மாதத்தில் கரண்ட் பில் வருகிறது. போன தடவையைவிடத் தொகை வெகுவாகக் கூடியிருக்கிறது. “பிரிட்ஜ் பழசாயிடுச்சுங்க, அதுதான் இழுக்குது. மாத்திடலாம்” என்கிறார் மனைவி. “மீட்டர்லயே ஏதோ கோளாறுப்பா, ஆளைக் கூப்பிட்டுக் காட்டு” என்கிறார் அம்மா. “பாட்டி ராத்திரி பூரா டிவி பார்க்கிறாங்க” என்கிறான் மகன். மூன்று பதில்கள் வந்துவிட்டன. கேள்வி என்னவென்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பாடம் நடத்திய கணித மேதை ஜார்ஜ் போல்யா, கணக்குகளுக்கு விடை காணும் முறை பற்றி 1945-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சிக்கலைப் புரிந்துகொள், திட்டம் போடு, திட்டத்தை நடத்து, திரும்பிப் பார் என்று நான்கு படிகள். முதல் படியில் அவர் கேட்கச் சொல்வது: தெரியாதது எது? தெரிந்தது எது? நிபந்தனை என்ன? இந்த மூன்றையும் அந்த பில்லின் முன் வைத்துப் பார்ப்போம்.

தெரிந்தது எது? பழைய பில்லை எடுத்துப் பார்த்தால் போன தடவை 460 யூனிட், இந்தத் தடவை 520. கூடியது 60 யூனிட்தான். ஆனால் தொகை அந்த விகிதத்தைவிட நிறைய ஏறியிருக்கிறது. ஆக, தெரியாதது ஒன்றில்லை, இரண்டு. 60 யூனிட் ஏன் கூடியது? தொகை மட்டும் ஏன் அதற்கும் மேலே தாவியது?

இரண்டாவதற்கு விடை நிபந்தனையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. இந்த பில் வந்தபோது இருந்த விதிப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த நூறு யூனிட் குறைந்த விலையில் கிடைக்கும். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது. 101-லிருந்து 200 வரையான யூனிட்டுக்கும் கூடுதல் விலை, 500-க்கு மேல் உள்ள யூனிட்டுக்கு இன்னும் கூடுதல். கடைசி இருபது யூனிட் அந்த நூறு யூனிட்டின் விலையையும் சேர்த்துத் தூக்கிவிட்டது.

இப்போது முதல் கேள்வி. மார்கழி, தை குளிருக்கு வெந்நீர் ஹீட்டர் ஓடுகிறது. அது 2000 வாட். நாளைக்கு மொத்தம் அரைமணி ஓடினால் ஒரு யூனிட். அறுபது நாளைக்கு 60 யூனிட். கணக்கு ஏறக்குறைய பொருந்துகிறது. ரீடிங் எடுக்கத் தாமதமாகி நாள் கூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் யூனிட்டைக் கூட்டும். ஹீட்டர்தான் காரணமென்றால் தினம் பத்து நிமிடம் குறைத்தாலே இரண்டு மாதத்தில் 20 யூனிட் மிச்சம். இன்னும் ஓரிரு நிமிடம் சேர்த்துக் குறைத்தால் 500-க்குள் நிம்மதியாக நிற்கலாம். புதிய பிரிட்ஜுக்கு ஆகும் பணம் மிச்சம். அம்மா, மனைவி, மகன் மூவருமே அறிவுள்ளவர்கள். “எந்தச் சாமான் கெட்டுப்போச்சு” என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பில் கேட்ட கேள்வி அதுவல்ல.

வேலை இடத்திலும் இது தினமும் நடக்கிறது. வாடிக்கையாளர் குறைகிறார்கள் என்றதும் விளம்பரம் கொடுக்கலாமா, விலையைக் குறைக்கலாமா என்று கூட்டம் போடுகிறோம். புதியவர்கள் வரவில்லையா, வந்தவர்கள் திரும்ப வரவில்லையா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் பாதிப் பணம் செலவாகிவிடுகிறது.

சரி, மேடை சின்னதென்றால் தேர்ந்த ஆட்கள் மட்டும் எப்படி அவ்வளவு வேகமாக யோசிக்கிறார்கள்? எக்ஸ்ரேயைப் பார்த்த மாத்திரத்தில் மருத்துவர் ஓரிடத்தில் விரல் வைக்கிறார். வண்டிச் சத்தத்தைக் கேட்டே மெக்கானிக் கோளாறைச் சொல்லிவிடுகிறார். அவர்கள் மேடை பெரிதா?

அவர்கள் மேடையில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு, உளுந்து, சீரகம், மிளகு, வெந்தயம் என்று தனித்தனிப் பொட்டலமாக வைத்தால் மேடை முழுவதும் அடைத்துக்கொள்ளும். பெட்டியில் போட்டால் ஒரு பொருளின் இடம்தான் பிடிக்கும். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-ல் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து இதைக் காட்டினார்கள். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பலகையை ஐந்து நொடி காட்டி மறைத்தால், வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டத்தில் திரும்ப வைத்துவிடுகிறார். புதியவரால் நாலைந்துதான் முடிகிறது. அதே காய்களைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டுக் காட்டினால் வல்லுநரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அவருடைய நினைவாற்றல் நம்முடையது போன்றதுதான். கோட்டைகட்டி நிற்கும் ராஜாவையும் அதைச் சுற்றிய சிப்பாய்களையும் அவர் ஐந்தாறு காயாகப் பார்ப்பதில்லை, ஒரே பெட்டியாகப் பார்க்கிறார். தாறுமாறான பலகைக்கு அவரிடம் பெட்டி கிடையாது.

அதனால் “எல்லாம் கூகுளில் இருக்கிறது, எதற்கு மனப்பாடம்” என்கிற பேச்சை நான் ஏற்பதில்லை. மளிகைக் கடையில் இருப்பது மேடையில் இருப்பதாகாது. தன் தொழிலின் அடிப்படைக் கணக்குகள், அளவுகள், வழக்கமாக வரும் கோளாறுகள் ஆகியவை கைக்குள் இருக்கிறவருக்குத்தான் புதியதை யோசிக்க மேடையில் இடம் மிஞ்சும். சிந்திக்கப் பயிற்சி என்று பொதுவாக ஒன்றைத் தேடுவதைவிட, தன் வேலையை ஆழக் கற்பது அதிகம் பலன் தரும். இதை மாணவர்களிடம் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெட்டியால் வருகிற ஆபத்தும் உண்டு. கைக்கு எட்டுகிறது என்பதற்காக எல்லாக் குழம்பிலும் ஒரே பொடியைப் போடுவோம். ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-ல் வெளியிட்ட தண்ணீர்க் குடுவைக் கணக்குகள் இதைத் துல்லியமாகக் காட்டுகின்றன. 21, 127, 3 அளவு பிடிக்கும் மூன்று குடுவைகள். அவற்றைக் கொண்டு 100 அளந்து தர வேண்டும். 127-ஐ நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒருமுறையும் 3-ஐ இரண்டு முறையும் எடுத்துவிட்டால் 100. இதே வழியில் தீருகிற கணக்குகளாக வரிசையாகக் கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 குடுவைகளைக் கொடுத்து 20 கேட்டார். 49-லிருந்து 23, மறுபடி 3, மறுபடி 3 என்று எடுத்துப் பெரும்பாலானோர் விடைக்கு வந்தார்கள். 23-லிருந்து 3-ஐ எடுத்தாலே 20 என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. முன்கணக்குகளைப் போடாதவர்களுக்கு அது உடனே தெரிந்தது. இருபது வருட அனுபவசாலி ஒருவர் திணறும் இடத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் எளிய வழி சொல்வது இதனால்தான். அவளைப் பேசவிடுகிற அலுவலகம் நிறைய மிச்சம் பிடிக்கும்.

இனி அடுப்பு. மூன்று பர்னரிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கலாம், ஆனால் எல்லா வேலையும் ஒரே மாதிரியானதில்லை. குக்கரில் பருப்பு வேகட்டும், புளி ஊறட்டும். அவற்றுக்கு நம் கண் தேவையில்லை. தாளிப்புக்குத் தேவை. கடுகு வெடிக்கிற நேரத்தில் வாசலில் மணி அடித்துப் போய் வந்தால் உளுந்து கருகியிருக்கும். கணக்குப் பார்ப்பது, ஒப்பந்தம் படிப்பது, ஒருவரிடம் கசப்பான செய்தியைச் சொல்வது எல்லாம் தாளிப்பு வேலைகள். நடுவில் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவதில் அரை நிமிடம்தானே போகிறது என்று தோன்றும். சோஃபி லெராய் 2009-ல் காட்டியபடி, ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேடையில் போன பாத்திரத்தின் பிசுக்கு இருக்கிறது. எழுந்துதான் ஆக வேண்டுமென்றால், எங்கே விட்டோம், அடுத்து என்ன செய்யவிருந்தோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுவது நல்ல பழக்கம்.

எவ்வளவு யோசித்தும் விடை வராத சிக்கல்கள் உண்டு. அவற்றுக்கு இட்லி மாவின் வழி. அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும். அரைமணிக்கு ஒருதரம் திறந்து பார்ப்பதால் மாவு சீக்கிரம் பொங்கிவிடாது. கிரஹாம் வாலஸ் 1926-ல் எழுதிய நூலில் சிந்தனையின் படிகளாகத் தயாரிப்பு, ஊறல், பளிச்சிடல், சரிபார்ப்பு என நான்கைச் சொன்னார். அவருக்கு முன்பே பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி புவான்காரே தன் அனுபவத்தை எழுதியிருந்தார். பல நாள் முட்டி மோதிய ஒரு கணிதச் சிக்கலை மறந்து பயணம் போனபோது, வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் அதற்கு வேண்டிய தொடர்பு தோன்றியது என்றார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வண்டிப் படியை மட்டும் சொல்லிவிட்டு முட்டி மோதிய நாட்களை விட்டுவிடுகிறார்கள். அரைக்காத அரிசி இரவு முழுவதும் மூடி வைத்தாலும் மாவாகாது. புவான்காரே இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்: தோன்றியதை வீடு திரும்பிய பிறகு ஆற அமரச் சரிபார்த்தார்.

அந்தச் சரிபார்ப்பு, சமையலில் உப்புப் பார்ப்பது. இதில் நாம் சறுக்குவது அதிகம். நன்றாக இருக்கும் என்று நம்பிச் சுவைத்தால் நன்றாகத்தான் இருக்கும். பீட்டர் வேசன் 1960-ல் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இது ஒரு விதிக்கு உட்பட்டது, வேறு எண்களைச் சொல்லிச் சோதித்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். இரண்டிரண்டாகக் கூடும் இரட்டைப்படை எண்கள் என்று நினைத்தவர்கள் 8, 10, 12 என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம் என்ற பதில் வந்தது. உண்மையான விதி, ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்ணும் என்பதுதான். 1, 7, 30 என்று தன் எண்ணத்துக்கு எதிராக ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சார்லஸ் டார்வின் இதற்கு ஒரு பழக்கத்தையே வைத்திருந்தார். தன் முடிவுகளுக்கு எதிரான உண்மையோ கருத்தோ கண்ணில் பட்டால் உடனே எழுதி வைத்துவிடுவார். சாதகமானவற்றைவிடப் பாதகமானவை சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அனுபவத்தில் கண்டதாகத் தன் வரலாற்றில் சொல்கிறார். கரண்ட் பில் வீட்டுக்கும் இதுவே வழி. ஹீட்டர்தான் காரணம் என்று தெரிந்ததும் திருப்தியாக உட்கார்ந்துவிடாமல், அது காரணமில்லை என்றால் எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். ஒரு வாரம் ஹீட்டரைப் போடாமல் தினமும் ஒரே நேரத்தில் மீட்டரைக் குறிக்கலாம். தினசரிச் செலவு ஒரு யூனிட் போல இறங்காவிட்டால் நம் கணக்கு தவறு, பிரிட்ஜின் பக்கம் திரும்ப வேண்டியதுதான்.

உப்பு இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், கூடிவிட்டால் எடுக்க முடியாது. திரும்ப மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவுகளுக்கு நாட்கணக்கில் யோசிப்பதும், மாற்ற முடியாதவற்றை ஒரு மாலைப் பேச்சில் தீர்ப்பதும் நம்மிடையே மிகச் சாதாரணம். சோபாவின் நிறத்துக்குப் பத்து கடை ஏறுகிறோம். இருபது வருடக் கடன் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்திடுகிறோம். மாற்ற முடியாத முடிவு என்றால், உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதிய முறை பயன்படும். தொடங்கும் முன்பே, இது தோற்றுப்போய்விட்டது என்று வைத்துக்கொண்டு காரணம் எழுதச் சொல்கிறார் அவர். வீட்டுக் கல்யாண விருந்து என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டது, ஏன்? கேட்டவுடன் அண்டா போதாதது, சிலிண்டர் மாற்ற ஆளில்லாதது, பத்திரிகை வைக்காமல் வாய்மொழியாக அழைத்தவர்களைக் கணக்கில் விட்டது என்று வரிசையாக வரும். “ஏதாவது தப்பாகுமா?” என்று கேட்டால் அதே ஆட்கள் “ஒண்ணும் ஆகாது” என்பார்கள்.

போல்யாவின் நான்காம் படி, திரும்பிப் பார்ப்பது, பெரும்பாலும் விட்டுப்போகிறது. அதற்கு ஒரு நோட்டுப் போதும். முக்கியமான முடிவு எடுக்கும் நாளில் தேதி, இருந்த வழிகள், தேர்ந்தெடுத்தது எது, ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என ஐந்தாறு வரி. கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நடந்ததைத்தான் எதிர்பார்த்தோம் என்று மனம் நம்மை நம்பவைத்துவிடும். எழுதியிருந்தால் எதிர்பார்த்ததும் நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சிலருக்கு ஆட்களைக் கணிப்பது எப்போதும் சரியாக வந்து, எவ்வளவு நாளாகும் என்ற கணக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் பிசகியிருக்கும். அப்படிப்பட்டவர் அடுத்த முறை தனக்குத் தோன்றும் நாட்கணக்கோடு பாதியைக் கூட்டிச் சொல்லலாம். ஆட்களைப் பற்றிய தன் கணிப்பை நம்பி நடக்கலாம்.